அசையாமல் படுக்க வேண்டும்

"மூணு தபா ஸ்கேன் எடுத்தும் எம் பொண்ணு மூளை கம்ப்யூட்டருக்குப் புரியலியாம்ண்ணே."

விழுப்புரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்த தன் அண்ணனிடம் சொன்னாள். அவள் மடியில் ஆறு வயது மகள். திண்டிவனத்தில் ஏறியதிலிருந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள்.

"மூளைப் படத்தப் பாத்தே ஆட்டிசமா இல்லியான்னு அது சொல்லிடும்னாங்களே?"

"சொல்லுமாம். ஆனா இவ அசைஞ்சதுல படம் கலைஞ்சிபோச்சாம்."

"மயக்க ஊசி போட வேண்டியதுதான?"

"தூங்குற மூளை வேணாமாம். முழிச்சிக்கினும் இருக்கணும், அசையவும் கூடாதாம்."

"அப்ப யாரு படத்தப் பாத்து அது கத்துக்கிச்சாம்?"

"அசையாம படுத்த புள்ளைங்க படத்தப் பாத்துதான்."

"நல்லா கத்துக்கிச்சு போ!"

"இன்னும் கேளு. அந்த ஸ்கேன் மெஷின் போடுற சத்தத்த என் போன்ல ஏத்திக் குடுத்திருக்காங்க. தெனம் அதப் போட்டுட்டு இவளப் படுக்கவச்சிப் பழக்கிட்டு, அடுத்த மாசம் கூட்டிக்கினு வரணுமாம்."

"பழக்கிடுவியா?"

மகளின் தலை முன் கம்பியில் இடிக்காமல் உள்ளங்கையை அணை கொடுத்தபடியே அவள் சொன்னாள்:

"அர மணி நேரம் அசையாம படுக்குற பொண்ணா இருந்தா, இவளத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நான் ஏண்ணே அலையறேன்?"