உப்புத் தண்ணீர் ஊசி

வேலைக்குப் போகிற நாளில் நான் கருவாடு தொட மாட்டேன், ஐயா. கையில் அந்த வாடை இருந்தால் எலிகள் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். எந்த உயிரையும் மிரட்டி வேலை வாங்குகிறவன் இல்லை இந்த ஆதிநாராயணன். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்த எனக்கு மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்க்கும் வேலை வாங்கிக் கொடுத்தவர் அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எங்கள் ஊர் அக்தர் பேகம் டாக்டர். எண்பத்தேழில் வெளிநாட்டிலிருந்து ஒரு புது வகை எலி விமானத்தில் வந்தது. கருவிலேயே அதற்குள் புற்றுநோய்க்கான மரபணுவை நுழைத்திருந்தார்களாம். வளர்ந்தால் மார்பில் கட்டி வரும், குட்டிகளுக்கும் வரும். பாதி எலிகளுக்குப் புது மருந்து போடுவோம், மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். இது பாவமில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். தண்ணீர் போட்ட எலியும் பக்கத்தில் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். நியாயமாகத்தான் பட்டது.

நான் மெட்ராஸ் போனதும் அண்ணன் தேசப்பன் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை உண்டு; பாடு என்போம். எங்கள் நைனாவுக்குப் பிறகு பிள்ளைகள் இருவருக்கும் வந்த உரிமை அது. ஊர்க்கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "எலி மேய்க்கப் போனவனுக்கு ஏரியில இன்னா வேலை?" என்று கேட்டு, என் பாட்டைத் தன் மகன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஊரே சிரித்தது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அண்ணி காசியம்மாள் மூத்தவர், என் மனைவி ஜெயம்மா இளையவள். அவர்களுடைய அம்மா மார்புக் கட்டியில்தான் போனார். அண்ணிக்குக் கட்டி வந்தது. பின்னாலேயே ஜெயம்மாவுக்கும் வந்தது. இருவருக்கும் ஆரம்பக் கட்டம்தான், வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் பயந்துபோய் என் வீடு தேடி வந்தார்.

"தம்பி, கத்தி வெச்சா பூடுவாளோன்னு பயமா கீது. நீ டாக்டருங்க கூட கீற. உன் கையிலதான் உட்டுட்டேன்."

எலிகளுக்குக் கட்டி கரைவதைச் சொன்னேன். அறுவை வேண்டாம் என்றும் சொன்னேன்.

டாக்டர் என்னை நம்பித்தான் ஆராய்ச்சிக்கூடத்து மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்து வைத்திருந்தார். மருந்தை எடுத்து வந்து வாராவாரம் நானே ஊசி போட்டேன். ஜெயம்மாவுக்கு மருந்து, அண்ணிக்கு உப்புத் தண்ணீர். போட்டு முடித்ததும் அண்ணி எனக்கு இறால் வறுத்து வைப்பார். வலி கொஞ்சம் தேவலை என்பார். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே மீனைத் தின்று வளர்ந்த இருவர். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள்?

ஜெயம்மாவின் கட்டி சுருங்கியது. ஐப்பசி மழையில் அண்ணி இறந்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால் ஆனதையெல்லாம் செய்தாய் என்று அழுதார். நான் மறுக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு, எங்கள் வீட்டுப் பரணில் அண்டாவை வைக்கப் போன ஜெயம்மா, திறக்காத மருந்துப் புட்டிகளைப் பார்த்துவிட்டாள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இம்மாம் மருந்து கீதே. எங்க அக்காவுக்கு இன்னா போட்ட?"

கட்டின மனைவியிடம் பொய் சொல்வது என் வழக்கமில்லை. சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். இருவரும் சேர்ந்துதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்திருக்கிறார்கள். நான் உயிர் கொடுத்தவள் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள், ஐயா. அந்தத் துரோகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருந்து இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. தாராளமாகவே இருந்தது. ஆனால் அண்ணியும் பிழைத்திருந்தால், ஜெயம்மாவைப் பிழைக்க வைத்தது நான்தான் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?