கோட்டுக்கு வெளியே நின்றதை நம்பிய அக்காவுக்கு

எங்கள் அக்கா தம் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை, ஒன்றை, சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே நம்பினார்!

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறோம். இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு வாரம் முழுக்கப் பழுதாகாமல் ஓடியது என்றால்கூட நம்பக் கூடியவர்கள் இதை நம்பமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம்.

ஐயத்தின் அரசியே! அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே அளவுகோலோடு அமர்ந்த அம்மையே! கணினி காட்டியதைக் கண்ணாலும், கண் காட்டியதைக் கணக்காலும், கணக்குக் காட்டியதை மறுபடி கண்ணாலும் விசாரித்துவிட்டு, மூன்றையும் நம்பாமல் தேநீர் குடிக்கப் போகும் திறலே! இன்று ஓய்வு பெறும் எங்கள் சந்தேக அக்காவே, வணக்கம்!

இம்மடலை எழுதும் பேறு எனக்கு வாய்த்த கதை எளியது. நான் இங்கே புரதங்களைப் படிகமாக வளர்த்தவன். உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுக் கவலையின்றித் திரிபவன். வயதில் நான் மூத்தவன் என்றாலும், ஆய்வகத்துக்கே நீங்கள் அக்கா என்பதால் இம்மடலில் எனக்கும் அக்காதான். பணியில் இருப்பவர்கள் எழுதினால் உங்கள் சிவப்புப் பேனாவுக்குப் பயந்து உண்மையை மட்டும் எழுதிவிடுவார்கள், மடல் நாலு வரியில் முடிந்துபோகும் என்று அலுவலர்கள் அஞ்சினார்கள். அந்தக் குறை எனக்குக் கிடையாது.

வந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது தனக்குள் சுருண்டு மடங்கும்போது, சங்கிலியில் எங்கோ தள்ளியிருக்கும் இரண்டு கண்ணிகள் அருகே வந்து ஒன்றையொன்று தொடும். எது எதைத் தொடுகிறது என்று தெரிந்தால், அந்தப் புரதம் எதனால் குலையாமல் நிற்கிறது என்பது தெரியும். அதைக் கண்டுபிடிப்பதே அக்காவின் வேலை. அதை அவர், வரப்போகும் மருமகனை விசாரிக்கும் மாமியாரைப் போலச் செய்தார்.

"நாலு ஆங்ஸ்ட்ரத்துக்குள்ள இருக்கா? இருந்தா தொடர்பு. இல்லன்னா வெறும் அக்கம்பக்கம். கிளம்புங்க." எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பியிருக்கிறோம்! ஒரு மீட்டரை ஆயிரம் கோடித் துண்டுகளாக்கினால் கிடைக்கும் ஒரு துண்டுதான் ஆங்ஸ்ட்ரம். அதில் ஓர் இழை மீறினாலும் நீங்கள் விட்டதில்லை. "நான் பக்கத்துல வந்து உக்காந்தாலே தூரத்தை அளக்கிறா" என்று உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் புலம்பினார் என்றால் நீங்கள் மறுப்பீர்கள். அவர் புலம்பவில்லை என்பதற்கு உங்களிடம் சாட்சி உண்டா?

நீங்கள் பார்க்காமல் ஒரு வரியும் இந்த ஆய்வகத்தைவிட்டு வெளியே போனதில்லை. உங்கள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு, "தப்புன்னு சொல்ல இப்போதைக்கு ஒண்ணும் கிடைக்கல. போகலாம்" என்பதுதான். அதைக் கேட்டவர்கள் அன்றைக்குக் கால் தரையில் பாவாமல் நடந்தார்கள்.

இனி அந்த அற்புதத்துக்கு வருகிறேன்.

என் பணியின் கடைசி ஆண்டில் நான் வளர்த்த நொதிப் படிகத்தை இந்த அவை அறியும். அதற்காக நான் பட்ட பாட்டில் குளிரறைக் கதவின் கீல் தேய்ந்தது. என் தலைமுடி வெளுத்தது. வெளுத்த முடி சலித்துப்போய் மறுபடி கறுத்தது! நொதியும் ஒரு புரதம்தான்; இதற்குச் சிப்பியைப் போல இரண்டு பாதிகள். அவை மூடிக்கொண்டால்தான் வேலை நடக்கும். மூடிய பாதிகளைப் பிடித்துவைத்திருக்கும் தாழ்ப்பாள் எது? அது தெரிந்தால் என் படிகத்துக்குப் பெயர் உண்டு. தெரியாவிட்டால் அது ஓர் உப்புக்கட்டி. நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியவன்.

ஒருநாள் ஆய்வகத் தலைவர் தம் அறையிலிருந்து ஓடிவந்தார். "தாழ்ப்பாள் கிடைச்சாச்சு!" மேல்பாதியில் இருக்கும் லைசின் என்ற கண்ணி, கீழ்ப்பாதியில் இருக்கும் குளூட்டமேட் என்ற கண்ணியைத் தொடுவதாக மென்பொருள் காட்டியிருந்தது. அறையே கைதட்டியது, நான் இரண்டு பேர் அளவுக்குத் தட்டினேன். நீங்கள் மட்டும் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டீர்கள்.

"தொடுதா? யாரு பார்த்தது?"

"புரோகிராம் சொல்லுதும்மா" என்றார் தலைவர்.

"அது சொல்லும் சார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அங்க இருந்தாங்களான்னு கேட்டீங்களா?"

படிகம் என்பது கோடானுகோடி மூலக்கூறுகளின் அணிவகுப்பு. எக்ஸ்ரே தருவதோ அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்த ஒரே படம். சில மூலக்கூறுகளில் லைசின் கையை நீட்டியிருந்தது, குளூட்டமேட் மடக்கியிருந்தது. மற்றவற்றில் குளூட்டமேட் நீட்டியிருந்தது, லைசின் மடக்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து நீட்டினால் ஒன்றின் மடியில் ஒன்று ஏறி உட்காரவேண்டும். அவ்வளவுதான் அங்கே இடம். அதை யோசிக்காத மென்பொருள், படத்தில் தெரிந்த இரண்டு கைகளையும் கோத்துவிட்டது.

"ஒரே கட்டில்ல பகல் ஷிப்ட்காரர் ஒருத்தர், ராத்திரி ஷிப்ட்காரர் ஒருத்தர் தூங்குறாங்க. அதைப் பார்த்துட்டு ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு பத்திரிகை அடிச்சிட்டீங்களே சார்!" என்றீர்கள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்தைப் பார்க்க எனக்கே துணிவில்லை.

அதன்பிறகு இந்த அறை முழுக்க உங்கள்மேல் சந்தேகம். "படிகக்காரருக்குப் பேர் வந்துடக் கூடாதுன்னு பார்க்கிறாங்க" என்றது மேல்மாடி. "வேற ஆய்வகத்துக்குச் சேதி சொல்றாங்களோ?" என்றது தேநீர் மேசை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் யாரிடமோ பேசியது அந்த நெருப்பில் எண்ணெயாயிற்று. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கதவில் காது வைத்தோம். உள்ளே நீங்கள், "எதுக்கு இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்க? யாரைப் பார்க்கிற?" என்று திரையில் இருந்த ஓர் அணுவை மிரட்டிக்கொண்டிருந்தீர்கள். தொலைபேசி மேசைமேல் அணைந்து கிடந்தது.

மறுநாள் குளிரறை வாசலில் என்னை மடக்கினீர்கள்.

"அண்ணே, கீழ்ப்பாதியில ஒரு மெத்தியோனின் இருக்கு. அதோட கந்தகம், மேல்பாதி பினைல்அலனின் வளையத்துக்கு நேரா உக்காந்திருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"நாலு ஆங்ஸ்ட்ரம் கோட்டுக்கு வெளியில."

"அப்போ வெறும் அக்கம்பக்கம்தானேம்மா? நீதானே சொல்லுவ?"

நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். குரலைத் தாழ்த்தினீர்கள். "கந்தகமும் வளையமும் கொஞ்சம் தள்ளி நின்னே ஒட்டும் அண்ணே. கோடு நாம போட்டது. அதுங்க கிட்ட கேட்டா போட்டோம்? இதான் தாழ்ப்பாள். நான் நம்புறேன்."

நம்புறேன்! அந்தச் சொல்லைக் கேட்டதும் குளிரறையின் வெப்பமானி பயந்துபோய்ப் பத்து டிகிரி இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது.

ஒருமுறை சூடுபட்ட தலைவர் எதையும் ஏற்கவில்லை. லைசினை மாற்றி ஒரு நொதி, மெத்தியோனினை மாற்றி ஒரு நொதி செய்து பார்க்கச் சொன்னார். லைசின் மாறிய நொதி, ஒன்றுமே நடக்காததுபோல் வேலை பார்த்தது. மெத்தியோனின் மாறிய நொதியோ, கொக்கி கழன்ற ஜன்னலாகி, வேலையை ஏறக்குறைய விட்டேவிட்டது. என் படிகம் தலைநிமிர்ந்து இந்த ஆய்வகத்தைவிட்டு வெளியேறியது. அதன் பின்னாலேயே நானும். அன்று எல்லோர் முன்பும் நீங்கள் சொன்னது, "தப்புன்னு சொல்ல இப்போதைக்கு ஒண்ணும் கிடைக்கல" மட்டும்தான். சோதனைக்கு முன்பே நீங்கள் சொன்ன அந்த 'நம்புறேன்' என்பதைக் கேட்ட ஒரே காது என்னுடையது.

அதனால்தான் தலைவர் இம்மடலில் கையெழுத்திட மறுத்தார். "டெஸ்ட் முடிஞ்ச பிறகு சொல்லியிருப்பாங்க. முன்னாடியேவா? அவங்களா? ஓய்வு பெத்ததுலேர்ந்து உங்க புளுகுக்கு அளவே இல்ல, படிகக்காரரே!" என்றார்.

நீங்கள் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாதல்லவா? நேற்று இருவரும் மடலை உங்கள் மேசைக்கே கொண்டுவந்தோம். சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள். வெப்பமானியை அடித்தீர்கள், என் தலைமுடியை அடித்தீர்கள், உங்கள் வீட்டுக்காரரை இரண்டுமுறை அடித்தீர்கள். (எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டேன், இன்று உங்கள் கையில் பேனா இல்லை.) குளிரறை வாசல் வந்ததும் பேனா நின்றது.

"இது நடந்துச்சாம்மா?" என்றார் தலைவர்.

"அண்ணன் வளர்த்த படிகம் சார். மங்கலா இருந்தா மங்கல்னு அவரே சொல்லிடுவார். அது அவ்வளவு தெளிவா இருந்துச்சு, அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேனாவை மூடிவைத்தீர்கள்.

அக்கா! ஐயம் குன்றாத நெஞ்சும், நோய் அணுகாத உடலும், அளக்க ஆசைப்படாத தூரத்தில் உங்கள் வீட்டுக்காரரும் அமையப் பெறுங்கள்! ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் அவர் கருவியைச் சந்தேகியுங்கள். இன்னொரு கருவியும் அதையே சொல்லட்டும். அப்படியே நூறாண்டு சொல்லிக்கொண்டிருக்கட்டும்!

அன்பும் அச்சமும் அகலாத,
புரத அமைப்பு ஆய்வக அலுவலர்கள் அனைவரும்,
அவர்களோடு ஓய்வு பெற்ற படிகக்காரனும்.

விசாரித்தேன். நடந்திருக்கிறது.
— தலைவர்