படுகைத் தெருவின் பத்துக் கோரிக்கைகள்

டீ வேண்டாம் சார். காலையில் ஒரு டம்ளர் குடித்தேன், அதற்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். நீங்கள் குடியுங்கள், உங்கள் விசாரணைக்கு வேண்டியதை நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

என் பெயர் அனிட்டா. தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. வெள்ளம் வந்தால் படகு கேட்டு ஜனங்கள் போனில் செய்தி அனுப்புவார்கள். அதைப் படித்து, இணையதளத்தில் படிவத்தை நிரப்புவது மனிதர் அல்ல, ஏஜென்ட் என்கிற ஏஐ. அதற்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. எந்தப் பொத்தான் எதற்கு, எப்போது அழுத்தலாம், எப்போது கூடாது என்று நாம் எழுதி வைக்கும் குறிப்புதான் அதற்கு எல்லாம். அந்தக் குறிப்பை எழுதுகிறவள் நான். நன்றாக எழுதுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும்.

போன வருஷம் ஒரே வீட்டுக்கு மூன்று படகு போய்விட்டது. பதற்றத்தில் மூன்று தடவை அனுப்பியிருக்கிறார்கள், பாவம். அதனால் கோரிக்கையை மூடும் பொத்தானுக்கு இப்படி எழுதினேன்: ஒரே கைபேசி எண்ணிலிருந்து மறுபடி கோரிக்கை வந்தால் அது இரட்டைப் பதிவு, 'பதிவாகிவிட்டது' என்று பதில் அனுப்பி மூடிவிடவும். இதில் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்கும் ஃபாஜில்தான் முதலில் கேட்டான். "எங்க தெருவுல ஒருத்தர் போன்லதான் அக்கா எல்லா வீட்டுக்கும் போடுவோம். கதவு நம்பரையும் கேக்கச் சொல்லுங்களேன்."

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கொள்ளிடக் கரையில் படுகைத் தெருவில் பிறந்தவள் நான். ரேஷன், கேஸ், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், எதுவானாலும் எங்கள் தெருவில் லூர்துராஜ் சித்தப்பாவின் நம்பர்தான். அப்பாவின் தம்பி. அவர் போன் இல்லையென்றால் தெருவில் பாதிப் பேர் அரசாங்கத்தின் கணக்கிலேயே இல்லை.

கதவு எண் வரியைச் சேர்த்தும் பார்த்தேன். ஏஜென்ட் வருகிறவர்களிடமெல்லாம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. சோதனையில் தொண்ணூற்றெட்டில் இருந்த எங்கள் மதிப்பெண் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. வரியை எடுத்துவிட்டேன். ஃபாஜிலிடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, உபரி நீர் முழுக்கக் கொள்ளிடத்தில் வந்தது உங்களுக்கே தெரியும். அன்று எங்கள் வேலையைப் பார்க்கச் சென்னையிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை. மூன்று மணிக்குச் சித்தப்பாவின் நம்பரிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் பதினொரு கோரிக்கைகள். ஏஜென்ட் ஒன்றைத் திறந்தது, பத்தை மூடியது. எழுதியிருந்தபடியே செய்தது. வந்தவர்களில் ஒரு அம்மா, எவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிறது என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

மூன்றே முக்காலுக்குச் சித்தப்பா என் போனுக்கே கூப்பிட்டார். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"ஒரு படகுதாம்மா வந்துச்சு. ரெத்தினம் வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. தண்ணி இன்னும் முழங்காலுக்குத்தான் இருக்கு. எல்லாரும் ரோட்டுக்கு நடந்துரவா, இல்ல இருக்கட்டுமா?"

கண்ணாடிக் கதவு வழியாகத் திரை தெரிந்தது. பத்துக் கோரிக்கைகளும் மூடியபடி இருந்தன. திறக்க இரண்டு நிமிஷம் போதும். திறந்தால் பத்தும் சிவப்பில் மேலே வரும். இது என்ன என்று அந்த நான்கு பேரும் கேட்பார்கள். நடக்கச் சொன்னால், படகு ஏன் வரவில்லை என்று ரோட்டில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.

"எல்லாம் பதிவாகியிருக்கு சித்தப்பா. வெளிய எறங்காதீங்க. இருங்க, வரும்" என்றேன்.

என் பேச்சுக்கு அவரிடம் எப்போதும் மரியாதை உண்டு. தெருவில் முதலில் காலேஜ் போனவள் நான்தானே. எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டார்.

நாலு இருபதுக்குக் கரை உடைந்தது. விருந்தினர்கள் காபி குடித்துக் கிளம்ப நாலு நாற்பது ஆகிவிட்டது. நாலு நாற்பத்தைந்துக்குப் பத்தையும் நானே திறந்தேன். அதுவும் பதிவில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பேர். அதில் ஒருத்தி விண்ணரசி, சித்தப்பாவின் மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என் பழைய சுடிதாரெல்லாம் அவளுக்குத்தான் போகும். அடக்கத்தின்போது எனக்கு அழுகை வரவில்லை. மழையில் செருப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு, "மிஷின் தப்பு பண்ணுனா நீ என்னம்மா பண்ணுவே" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டார். கூட ஒரு கரண்டி ரசம் கேட்டார், ஊற்றினேன்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தெருவுக்கு அந்த வரி பொருந்தாது என்று தெரிந்தே வைத்தேன். கோரிக்கைகள் மூடிக் கிடப்பதைப் பார்த்தேன். நடந்தால் தப்பிக்கக்கூடியவர்களை இருக்கச் சொன்னேன். எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் இன்று வந்ததற்குக் காரணம் வேறு. கம்பெனி அறிக்கையை நேற்றுதான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், ஏஜென்டுக்கு எழுதிய குறிப்பில் தெளிவு போதாததால் விபத்து என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதியதில் தெளிவுக்கு என்ன குறைச்சல்? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை சார். அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.