பிணமாக நடித்தவர்

எண்பதுகளில் ஒரு மாலை, மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் இருந்தேன். முன்பலகையில் ஒரு கணவனும் மனைவியும்.

"நீங்க செத்துக் கிடக்கறதப் பார்த்துத் தியேட்டரே சிரிச்சுதுங்க" என்றாள் அவள்.

அவரை அடையாளம் தெரிந்தது. போலீஸ்காரராக, பூசாரியாக, சாயாக்கடைக்காரராகப் பல படங்களில் இரண்டு நிமிடம் வந்துபோகிறவர்.

"அந்த சீன் முழுக்க நான் எழுதினதாக்கும். பிணமா படுக்க மட்டும் ஆள் கிடைக்கல. அபசகுனம்னு எல்லாரும் கும்பிட்டு விலகிட்டாங்க. அதான் நானே படுத்தேன்."

"நல்ல வசனமெல்லாம் மத்தவங்களுக்குக் கொடுத்துட்டு?"

"பிணம் பேசுமா? சரி, எந்த இடத்துல ரொம்ப சிரிச்சாங்க?"

"எல்லா இடத்துலயும்தான். பக்கத்துல இருந்த சேச்சி கண்ணத் தொடச்சுத் தொடச்சுச் சிரிச்சாங்க."

"நீ?"

அவள் காயல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் எங்க சிரிக்க? உங்க நெஞ்சையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிச்சு. அப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அவர் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினார்.

"அய்யோ, அது வேற யார் கண்ணுலயும் பட்டிருக்குமா?"