சுரங்கத்துக்குள் கிடந்த ஆணி

அஜிஷா வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்ல விடமாட்டாள். இப்போது ரயிலை விட்டு இறங்கியிருப்பாள், தண்டவாளத்தைத் தாண்டினால் இங்கேதான். நெருங்கி உட்காருங்கள்.

மணி உச்சி பன்னிரண்டு. தனுவச்சபுரத்துக்கும் பாறசாலைக்கும் நடுவே ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு மண்வழி... ஆளில்லை, காற்றில்லை. ராத்திரி இல்லை, நல்ல பகல். பேய்க்கு ராத்திரிதான் வேளை என்று உங்களுக்கு யார் சொன்னது?

அந்த வழியில் ஸ்கூட்டரில் போனவள் ஷீஜா. இதோ இருக்கிறாளே சோனா, அவளுடைய சித்தி. அஜிஷாவின் அம்மா. மிக்சி, இன்வெர்ட்டர் என்று எதையும் பழுது பார்ப்பாள். கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும், அதுதான் கோளாறு.

கூப்பிட்டவன் தீபு. செத்துப்போன அவன் அப்பா வேலாயுதன் மாடியில் ஒரு பொம்மை ரயில் செய்து வைத்திருந்தார். வாங்க ஆள் வந்தாயிற்று, ஆனால் அதை ஓட்டும் டிரான்ஸ்பார்மர் பெட்டியில் கரண்ட் இல்லை. ஓட்டிக் காட்டாமல் எப்படி விற்பது?

ஷீஜா மகளுக்குப் போன் செய்தாள். இன்று கல்லூரி அரை நாள்தானே, விட்டதும் அங்கேயே வா, சேர்ந்து போகலாம். பஸ்ஸை விட்டு இறங்கி ரயில் பாதையைத் தாண்டினால் அந்த வீடு. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தாண்டாதே என்று வழக்கமான திட்டும் உண்டு. ஒரே மகள் அல்லவா.

மாடிக் கதவைத் திறந்ததும் ஒரு வாசம்... பிரேக் பிடித்த இரும்பின் கருகல். அறை நிறைய அந்த ஊர்தான். அதே ரப்பர், அதே பாதை, தாண்டும் வழியில் விரல் உயர மர ஆட்கள். எல்லாரும் வேலாயுதனின் தோட்டத்துப் பறம்பு வழியாக நடந்தவர்கள். வழித்தகராறில் கோர்ட்டில் தோற்ற பிறகு ஒவ்வொருவராகச் செதுக்கினார் என்று தீபு சிரித்தான். அவர்களில் இரண்டு பேர் அசல் பாதையில் அடிபட்டுச் செத்ததை அவன் சொல்லவில்லை.

ஷீஜா பெட்டியைத் திறந்தாள். பியூஸ் சரி. உள்ளே கரண்ட் வருகிறது. தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றினாள்... பெட்டியின் விளக்கு எரிந்தது. மாட்டினாள், அணைந்தது. பெட்டியில் குற்றமில்லை. இரண்டு தண்டவாளத்தையும் எதுவோ சேர்த்துப் பிடித்திருக்கிறது.

பொம்மைப் பாதையின் சுரங்கத்துக்குள் கையை விட்டாள். குறுக்கே ஒரு பெரிய ஆணி. சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நம் ஆட்கள் ஆணி எதற்கு அடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மிஷன் சபையில் பிறந்தவள். அவளுக்கு ஆணி என்றால் ஆணிதான். உருவிப் போட்டாள்.

டக்... டக்... டக்...

கையளவு ரயில். தரை அதிர்ந்தது. தாண்டும் வழியைப் பார்த்தாள். சற்றுமுன் அங்கே இல்லாத ஒரு பெண் பொம்மை, தண்டவாளத்தின் நடுவில். தோளில் மஞ்சள் பை.

அஜிஷாவின் பை மஞ்சள்.

வாசலில் தீபுவின் அம்மா ஓமனா நின்றாள். கீழே கிடந்த ஆணியைப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை, வெறுப்புதான்.

"ஆரு கேட்டு எடுத்த? அவர அடக்கி வச்ச ஆணியாக்கும் அது. இனி இந்த வழியே உனக்க ஆளு ஆரு வாறாளோ, அவள அவரு விடமாட்டாரு."

ஷீஜா பிளக்கைப் பிடுங்கினாள். ரயில் நிற்கவில்லை. போன் அடித்தாள், மகள் எடுக்கவில்லை. வெளியே அசல் ரயில் கூவியது... நீளமாக, விடாமல். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தண்டவாளத்தின் குறுக்கே அழுத்தினாள்.

நின்றது. பொம்மைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடம்.

அஜிஷா ஓடி உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள்.

"காலு ரெண்டையும் ஆரோ பிடிச்சு வச்சிருந்தாவ அம்மா. ரயிலு இன்னா வந்தாச்சு... அப்பந்தான் விட்டாவ."

ஷீஜா ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் பார்த்தாள். நுனி அசைந்ததும் எஞ்சின் ஓர் அங்குலம் முன்னே வந்தது. பிறகு தொடவில்லை. ஸ்க்ரூடிரைவர் அங்கேயே கிடக்கட்டும், விற்பனையே வேண்டாம் என்று தீபுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மகளை இழுத்துப் போனாள்.

அவ்வளவுதான். போன வருஷம் நடந்தது. தீபு சத்தியத்தைக் காப்பாற்றினானா என்று என்னைக் கேட்காதீர்கள்...

சோனா, கதை நடக்கும்போது என்ன போன்? சித்தியா? ஏன் முகம் இப்படி வெளுக்கிறது? இங்கே கொடு.

ஒரு வீடியோ. யாரோ சித்திக்கு அனுப்பியதை அவள் இங்கே அனுப்பியிருக்கிறாள். கீழே எழுதியிருக்கிறது... பொம்மை ரயிலை வாங்கியவன் நான், தீபுதான் உங்கள் நம்பர் தந்தான், ரயில் ஓடாமல் கிடந்தது, குறுக்கே கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், இப்போது ஜோராக ஓடுகிறது, நன்றி.

டக்... டக்... டக்... சுரங்கத்தை விட்டு வருகிறது. தாண்டும் வழிக்கு வந்ததும் தானாக நிற்கிறது. பொம்மை இல்லை. தண்டவாளத்தில் மஞ்சள் பை மட்டும் கிடக்கிறது.

அதற்கும் கீழே சித்தி ஒரே வரி கேட்டிருக்கிறாள்.

"மக்கா, அஜிஷா அங்க வந்தாளா?"