பாடிக்கு எர்த் இல்லை

மணி ஏழே முக்கால். ஊரைத் தாண்டியதும் நான்கு கிலோமீட்டருக்கு ஒற்றைத் தார்ச்சாலை... இரண்டு பக்கமும் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. விளக்குக் கம்பம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். பல்பு போட மறந்துவிட்டார்கள்.

சிரிக்காதே. ஏழே முக்காலுக்கு எந்தப் பேய் வரும் என்கிறாயா? பேய் என்ன வாட்ச்மேனா, பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்க? நெருங்கி உட்கார். அந்த செல்போன் வெளிச்சத்தை அணை.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு அச்சகத்தில் பிழை திருத்தியவரின் தங்கை கணவருக்கு நடந்தது. நண்பர் பொய் சொல்ல மாட்டார். அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் கிடையாது.

தங்கை கணவரை எல்லோரும் நிபுணர் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மாட்டியவர் அவர்தான். அது இன்றும் ஓடுகிறது... எந்த நாட்டு நேரம் என்றுதான் தெரியவில்லை. தையல் மெஷினைச் சரி செய்தார். அன்றிலிருந்து அது துணியைத் தவிர எல்லாவற்றையும் தைத்தது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பழைய கார் வாங்கினார். முன்னால் யாரிடம் இருந்தது, ஏன் விற்றார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது மற்றவர்கள் செய்வது.

வண்டியில் ஒரு கோளாறு. ஹெட்லைட்டைப் போட்டால் ஸ்பீக்கர் 'ர்ர்ர்ர்' என்று உறுமும். பாட்டு வைத்தால் ஹெட்லைட் தாளம் போடும். டம் என்று அடித்தால் மங்கும், டக் என்று அடித்தால் எரியும். இடது விளக்குக்கு மஞ்சள் காமாலை. நிபுணர் மூன்று வாரம் வீட்டு வாசலிலேயே அதற்கு வைத்தியம் பார்த்தார். ஃப்யூஸ் போனபோது மிட்டாய்க் காகிதத்தைச் சுற்றிச் செருகினார். தெரு முழுக்க ரப்பர் கருகும் வாசனை. "டெஸ்ட் பண்றேன்" என்றார்.

அன்று அவர் மகள் கல்லூரியிலிருந்து வருகிறாள். எட்டரை மணிக்குப் பஸ் அவளை பைபாஸ் முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே கடை இல்லை, நிழற்குடை இல்லை. போன மாதம்தான் அதே இடத்தில் ஒரு நர்ஸைக் கீழே தள்ளிப் பையைப் பறித்துப் போயிருந்தார்கள். இந்த நான்கு கிலோமீட்டர் சாலையின் மறுமுனை அது.

மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. இல்லாட்டி வாடகை வண்டி சொல்லுங்க. புள்ள தனியா நிக்கும்."

"எலக்ட்ரீஷியனா? அவனுக்கு டெஸ்டர எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் டெஸ்டர் இல்லாமலே கண்டுபுடிப்பேன்."

அவள் உள்ளே போய்த் தானே போன் செய்தாள். எலக்ட்ரீஷியன் சொன்னதை ஜன்னல் வழியாகக் கத்தினாள். "பாடிக்கு எர்த் இல்லையாம்! பாடி எர்த் குடுக்கணுமாம்! லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே எடந்தானாம், துரு ஏறியிருக்குமாம்!"

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டுக்கு எர்த் வேண்டுமென்றால் மண்ணில் குழி தோண்டிக் கம்பி இறக்குவார்கள். காருக்கு மண் கிடையாது. அதன் இரும்பு உடம்புதான் எர்த். பாடி எர்த் என்பார்கள். ஒரு கறுப்பு வயர், ஒரு போல்ட், துருவைத் தேய்க்க உப்புத்தாள்... பத்து நிமிஷ வேலை. லைட்டும் எரியும், பாட்டும் பாடும்.

நிபுணர் அதை நேற்றே யோசித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வயரை முடுக்கினார். துருவின் மேலேயே முடுக்கினார். உள்ளே ஏறி உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டார்.

ர்ர்ர்ர்...

உறுமலுக்கு உள்ளே ஒரு குரல். வறண்ட குரல், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி.

"பாடிக்கு... எர்த் இல்ல."

மனைவியின் போன் காரின் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது, எலக்ட்ரீஷியன்தான் பேசுகிறான் என்று நிபுணர் முடிவு செய்தார். "இப்பதான்யா குடுத்தேன்!" என்றார்.

"எர்த் குடு."

இரண்டாவது வயர் கொடுத்தார். மூன்றாவது, நான்காவது. எதிரே நின்று பார்த்தால் அது கார் மாதிரி இல்லை... தலை பின்னிவிட்ட மாதிரி இருந்தது.

"எந்தப் பாடிக்குக் குடுத்த?"

"ஏன்யா, ரெண்டு பாடியா இருக்கு?"

உறுமல் நின்றது.

"இருக்கு."

"குடிச்சிருக்கான்" என்று நிபுணர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது ஒரு வாசனை வந்தது. கருகல் இல்லை. ஈர மண் வாசனை... ஏ.சி. துவாரத்திலிருந்து. அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார், கேட்கத்தான் ஆள் இல்லை.

எட்டு இருபத்தைந்துக்கு இரண்டு விளக்கும் எரிந்தன. ஒழுங்காக, வெள்ளையாக. நிபுணர் கேட்டைத் திறந்தார்.

"இவ்வளவு நேரமா யாரு கூடச் சண்டை?" என்றாள் மனைவி.

"எல்லாம் உன் எலக்ட்ரீஷியன் கூடத்தான். உளறிக்கிட்டே இருக்கான்."

"நான் அப்பவே போன வச்சிட்டேனே. அது கிச்சன்ல சார்ஜ்ல கெடக்கு."

நீயோ நானோ அங்கேயே வண்டியை நிறுத்தியிருப்போம். நிபுணர் இல்லையா? "காத்துல எத்தனையோ அலை இருக்கும். உனக்குச் சொன்னாப் புரியாது" என்று கிளம்பினார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார். விளக்கு மங்கியது... மங்கி... அணைந்தது. எஞ்சின் மட்டும் ஓடியது. கண்ணாடிக்கு வெளியே தார் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பிரேக் போட்டார்.

"இங்கதான்" என்றது ஸ்பீக்கர்.

அதே நேரம் மகளிடமிருந்து போன்.

"அப்பா, எறங்கிட்டேன். எங்க இருக்கீங்க? இங்க யாருமே இல்ல. ஒரு பைக்கு ரெண்டு வாட்டி என்னச் சுத்திட்டுப் போச்சு... சீக்கிரம் வாங்கப்பா."

"ரெண்டே நிமிஷம்டா" என்றார். அந்தப் பதற்றத்தில்தான் அவர் மூளை தன் உச்சத்தைத் தொட்டது. பாடியில் எத்தனை வயர் கொடுத்தும் எர்த் பத்தவில்லை என்றால்... நேராக பூமியிலேயே கொடுத்துவிட்டால்?

காருக்கு. மண்ணில். எலக்ட்ரீஷியன் கேட்டிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பான்.

டிக்கியிலிருந்து நீள வயரை எடுத்தார். ஒரு நுனி பேட்டரியில், மறு நுனி ஸ்க்ரூடிரைவரில். போன் வெளிச்சத்தில் பள்ளத்துக்குள் இறங்கினார். மண் பொலபொலவென்று இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். பிடி வரைக்கும் ஒரே இறக்கு.

'டொக்.'

கல் இல்லை. கட்டை இல்லை. அந்தச் சத்தத்தை நண்பர் எனக்குச் செய்து காட்டினார்... தன் முட்டியில் தட்டி.

மேலே இரண்டு ஹெட்லைட்டும் பளீரென்று எரிந்தன. உறுமல் இல்லை. நிபுணருக்குப் பெருமை தாங்கவில்லை. "யாருகிட்ட!" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாராம். ஸ்க்ரூடிரைவர் சாயாமல் நிற்க வேண்டுமே என்று இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன்மேல் போட்டார். ஒரு பிடி. இன்னொரு பிடி.

பாடி என்றால் நம் பேச்சில் வண்டியின் உடம்பும்தான், செத்தவர் உடம்பும்தான். நாலெழுத்துப் படிக்காதவனுக்கும் தெரியும். நிபுணருக்கு மூன்றாவது பிடி மண்ணைப் போடும்போதுதான் இரண்டாவது அர்த்தம் ஞாபகம் வந்தது.

மேலே ஸ்பீக்கரில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். "போதும்."

பிறகு கதவு சாத்தும் சத்தம். 'டப்.' கியர் விழும் சத்தம். வயர் அவர் காலுக்கு அடியில் சரசரவென்று ஓடி, விறைத்து, அறுந்தது.

பள்ளத்திலிருந்து ஏறி வருவதற்குள் பின்னால் இருக்கும் இரண்டு சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பைபாஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் நிற்கிற பக்கம்.

நிபுணர் ஓடினார். ஒரு செருப்பு போனது. இன்னொரு செருப்பும் போனது. மகளுக்குப் போன் செய்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுக்கவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரும் அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. "அம்மாடி, அம்மாடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினார்.

முனையில் கார் நின்றது. விளக்கு ஆடாமல் எரிந்தது. மெதுவாக ஒரு பாட்டு, துளி இரைச்சல் இல்லாமல். பைக்கைக் காணோம். பின் சீட்டில் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா இது கோலம், மண்ணுல பொரண்ட மாதிரி?"

"நீ... ஏன் ஏறின? போன ஏன் எடுக்கல?"

"சைலன்ட்ல இருந்துச்சு. நீங்கதான் அனுப்புனீங்கன்னு மாமா சொன்னார். லைட்டப் பாத்ததுமே அந்த பைக்குக்காரன் ஓடிட்டான்."

"எந்த மாமா?"

"இதோ, இவர்தான்." டிரைவர் சீட்டைக் காட்டினாள். "மெக்கானிக் மாமா. உங்க ஒயரிங்க எல்லாம் பிரிச்சுத் திரும்பப் போட்டாராம். 'உங்கப்பனுக்கு வேலையும் தெரியல, சொன்னாப் புரியவும் இல்ல'ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுப்பா, கோவிச்சுக்காதீங்க."

டிரைவர் சீட் காலி.

காலி என்றா சொன்னேன்? சீட் பெல்ட் மாட்டியிருந்தது. ஒரு மார்பு அளவுக்கு முன்னால் தள்ளி, விறைப்பாக நின்றது. நிபுணர் அதையே பார்த்தார். ஆள் மூச்சு விட்டால் பெல்ட் கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டும் அல்லவா?

ஏறி இறங்கவில்லை.

"எறங்கும்மா" என்றார். பின்கதவின் கைப்பிடியை இழுத்தார். திறந்தது.

"ஏறுங்கப்பா, நேரமாகுதாம்."

மகள் உள்ளே இருக்கிறாள். வண்டி மெதுவாக உருள ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வார்? ஏறினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்து அவர் மனைவிக்குப் போன் செய்தார். நான் இப்போது சொன்னதை எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். "ஒரு தடவையாவது உன் பேச்சக் கேட்டிருக்கணும்டி" என்றாராம். அவள் கிச்சனில் நின்றபடி கேட்டாள். போனில் பாட்டு கேட்டது, டயர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் மகளின் குரல், நல்ல தெளிவாக.

"மாமா... வீட்டுக்கு லெஃப்ட்ல இல்ல திரும்பணும்?"