ரெண்டு ஆள் வேலை

இரவு எட்டரை மணி. பஸ் திரும்பும் இடத்திலிருந்து அந்த வீடு வரைக்கும் பூட்டிய குடோன்கள்தான். ரோட்டில் ஒரு ஈ காக்காய் கிடையாது... இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் தோழியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. அப்பா அம்மா இல்லை. கூட இருந்தது ஒரே தம்பி. தம்பிக்கு ஒரு கூட்டாளி, பட்டப்பெயர் டமாரம். டமாரம் குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்த்தான் போன வருஷம் தம்பி தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். "இனிமே அவன் சகவாசம் வச்சேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடு. உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. தம்பி சத்தியம் செய்தான்.

ஓட்டியவரோடு சேற்றுக் குளத்தில் விழுந்து, பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்த ஒரு பைக்கை வாங்கி வந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டில் பிரித்துக்கொண்டிருந்தான் அவன். எல்லாம் கழன்றது. மேக்னெட் மட்டும் மசியவில்லை. பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் காந்தச் சக்கரம் அது. துருவேறி இன்ஜின் தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு சேர்ந்து இன்ஜினும் சுற்றும். அதனால் வண்டியை டாப் கியரில் போட்டு, வலது பக்கம் ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இடது பக்கம் ஒருவர் திருக வேண்டும். ரெண்டு ஆள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அக்காதான் மிதித்தாள். நட்டு அசையவில்லை.

"நீ சாப்பிட்டியா இல்லையா? கொசு உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நீ திருகு."

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது, நட்டு கழன்று தட்டில் கிடந்தது.

"யார்றா பிரேக்கை மிதிச்சது?"

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஏன்க்கா, தெரியாத மாதிரி கேக்கற?"

மழுப்புகிறான். அவன் தூங்கப் போனதும் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தாள். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே ஈர மண் வாசனை... பிரேக் பெடலில் சேறு. தொட்டால் விரலில் ஒட்டியது. மழை பெய்து ஒரு மாதம் இருக்கும். டமாரம் வீடு வாய்க்கால் ஓரம். அவளுக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அடிமேல் அடி வைத்து ஷெட் கதவு வரைக்கும் வந்தாள். இடுக்கு வழியே தம்பி தெரிந்தான். வண்டிக்கு இடது பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்தை டேங்க் மறைத்தது.

"மிதி... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே பிடி."

கிரீச்... பெடல் இறங்கும் சத்தம்.

மேக்னெட்டை இழுத்துக் கழற்ற மாட்டியிருந்த புல்லரின் போல்ட்டைத் திருகினான். அரைச் சுற்று. இன்னும் அரை... டங். மேக்னெட் கழன்று அவன் மடியில் விழுந்தது.

"அப்பாடா. இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டிருக்க போல."

அக்கா கதவைத் தள்ளினாள். "டமாரம், வெளிய வாடா."

யாரும் வரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். ஜன்னல்கூட இல்லை.

தம்பி நிமிர்ந்தான். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். வண்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மறுபடி அக்காவை... முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

"நீ... இங்கதானே நின்ன?"

"நடிக்காத. அவன் எங்க?"

"நீதான்க்கா. நேத்தும் நீதான். வந்து நின்ன, பேசல. நீ கோவமா இருக்கேன்னு நானும் பேச்சுக் கொடுக்கல."

"என் மூஞ்சியப் பாத்தியா?"

"குந்தி உக்காந்தா எங்க மூஞ்சி தெரியும்? இன்ஜினுக்குக் கீழ கால்தான் தெரிஞ்சுது."

டமாரம்னு சொல்லிடு தம்பி... அவள் மனசார வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான். இவன் பொய் சொல்லியிருக்க வேண்டும். சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். திட்ட மாட்டாள், துரத்த மாட்டாள்.

"டமாரம்தானே? சொல்லுடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தம்பி இல்லை என்று தலையாட்டினான்.

"கால்னா... எப்படி இருந்துது?"

மேக்னெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் யோசித்தான்.

"ஒரு கால்லதான் செருப்பு இருந்துது."

அக்கா வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். தரையில் யாரும் நின்ற தடம் இல்லை. ஈர மண் வாசனை மட்டும், பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல, குப்பென்று.

பிரேக் பெடல் இன்னும் அமுங்கியே இருந்தது.